மாட்டுத் தரகரின் குரல்வளை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிப் பக்கம் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் தலையோடு வில்வண்டியில் ஊர் திரும்பினால் கட்டாமல் என்ன செய்யும்? அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குரல் கரகரத்தால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். "சாரல்ல நனைஞ்சிருப்பேரு" என்று அதிமதுரத்தை வாயில் போட்டு அனுப்பிவிடுவார்கள். காரணம் எப்போதும் தயாராக இருக்கிற ஊரில் வைத்தியம் பார்ப்பது பெரிய தொல்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கத்தி பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்தக் காலத்து எல்.எம்.பி. டாக்டர். நீங்கள் ஒரு வருஷத்தில் பார்ப்பதை நான் ஆயுள் முழுக்கப் பார்த்ததில்லை. ஆனால் நோயாளியிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்றால் உங்களில் பாதிப் பேர் ஒரு தாளை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்கிறீர்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்காகத்தான் சங்கரபாண்டி அண்ணாச்சியின் கதையைச் சொல்ல வந்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். தென்காசியில் ஒரு பெரிய டாக்டர், சில கட்டில்களோடு சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். நான் அவரிடம் சின்ன டாக்டர். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். மாலையில் சுருட்டுப் பிடிப்பார். சுருட்டுக்கும் பீடிக்கும் குரல்வளைப் புற்றுக்கும் உள்ள உறவு இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று எங்களுக்கு அது உறுதியாகத் தெரியாது.

ஒரு பங்குனி மாதம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது சங்கரபாண்டி அண்ணாச்சி வந்தார். ஆய்க்குடிக்காரர், மாட்டுத் தரகர். தாவணி என்று நாங்கள் சொல்லும் மாட்டுச் சந்தையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. புளியறை வழியாக மலையாளத்துக்குப் போகும் மாடுகளில் பாதி அவர் கை பட்டுத்தான் போகும். நல்ல உயரம், முறுக்கு மீசை, தோளில் ஒரு சிவப்புத் துண்டு. வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வந்தது.

"போன சாரல்ல ஐந்தருவியில குளிச்சேன். அன்னைக்குக் கட்டுன தொண்ட டாக்டரே" என்றார்.

கூட வந்த அவர் மனைவி கோமதியம்மாள் பட்டியல் போட்டாள். சித்தரத்தைக் கசாயம், பனங்கற்கண்டுப் பால், மிளகுத் தூள், ஒரு வைத்தியர் தடவிய மருந்து, இன்னொரு வைத்தியர் கொடுத்த லேகியம். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாரல் போயாச்சு, மழையும் போயாச்சு, பனியும் போயாச்சு. தொண்ட மட்டும் ஏன்வே போகல?" என்றார்.

அந்தக் கேள்வியை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால், காரணம் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அன்று எட்டிப் பார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது காம்பு வைத்த ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. மூச்சுப்பட்டு மங்காமல் இருக்க அதை ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, சுடுகிறதா என்று நம் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். நெற்றிக் கண்ணாடியில் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்து அதில் அடிக்க வேண்டும். நோயாளி குமட்டுவார், கையைத் தட்டிவிடுவார், நம் முகத்திலேயே இருமுவார். அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்தே பழகியவருக்கு, இப்போது தன் முறை என்று தோன்றியிருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். குரல்வளைக்குள் இரண்டு வெள்ளை நாண்கள் இருக்கும். மூச்சு இழுத்தால் விலகும், "ஈ" என்றால் ஒன்றோடு ஒன்று சேரும். அண்ணாச்சிக்கு வலது நாண் வந்தது, போனது. இடது நாணில் காலிஃபிளவர் துண்டு போல ஒரு சதை. அந்தப் பக்கம் அசையவே இல்லை.

அசையாத நாண் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நாணின் விளிம்பில் மட்டும் இருக்கும் புற்று நல்லவன். குரலைக் கெடுத்து, ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுவான். அப்போதே பிடித்தால், அன்றைய நாளில் குரல்வளையைத் திறந்து அந்த நாணை மட்டும் எடுத்துவிடலாம். கரகரத்த குரலாவது மிஞ்சும். இன்று கதிர் வைத்தே பலருக்குக் குரலைக் காப்பாற்றிவிடுகிறீர்கள். நாண் அசைவை இழந்துவிட்டது என்றால் புற்று ஆழமாக உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சாரலுக்கும் இந்தப் பங்குனிக்கும் நடுவில் அண்ணாச்சி இழந்தது குரல் மிஞ்சும் அந்த வாய்ப்பைத்தான்.

காசநோயும், மேகநோய் என்கிற சிபிலிஸும் இதே மாதிரி வேஷம் போடும் என்பதால் சளியையும் ரத்தத்தையும் பார்த்தோம். இரண்டும் இல்லை. சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சென்னைக்கு அனுப்பினோம். புற்றுதான் என்று பதில் வந்தது.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி சமாசாரத்தை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். அண்ணனையோ மச்சானையோ ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். பெரிய டாக்டர் அப்படியில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரையும் எதிரே உட்கார வைத்து, "உள்ள புத்து வச்சிருக்கு அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார்.

குரல்வளை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதற்குத் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிறகு மூச்சு கழுத்தில் உள்ள துவாரம் வழியாகத்தான். சாப்பாடு வாய் வழியாகப் போகும், பேச்சு வராது. ரேடியம் வைக்கலாம், ஆனால் இவ்வளவு இறங்கிய புற்றை அது வேரறுக்கும் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றும் செய்யாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடைக்கும். இவ்வளவையும் மறைக்காமல் சொன்னார்.

அண்ணாச்சி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

"எஞ் சங்க அறுக்கதுக்கு நான் ஏன் அம்புட்டுத் தூரம் போணும்? இங்கனயே ஆட்டுக்கடையில குடுத்தா அறுத்துட்டுப் போறான்!"

"வெளயாடாதியும்" என்று கோமதியம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, சும்மா கெட. ஊமைத் தரகன எவன் கூப்பிடுவான்?"

எனக்கு இளரத்தம். சத்தம் போட்டேன். உயிர் பெரிதா தொழில் பெரிதா என்று கேட்டேன். பிள்ளைகளைப் பாரும் என்றேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி டாக்டரே, நீரு நல்லவரு, ஆனா அவசரக்காரரு. ஒரு வாக்கு குடும். நானா சரின்னு சொல்லாம எங் கழுத்துல கத்தி படப்படாது."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? உள்ளே வந்ததும் பெரிய டாக்டர் கேட்டார், "வாக்கு குடுத்தாச்சா? இனி அதயும் மருந்துப் பையில தூக்கிக்கிட்டு நடக்கணும். மூச்சு அடைச்சா அறுத்துச் செருகுத கழுத்துக் குழாயயும் சேத்து எடுத்து வச்சிக்கோ. அவன் இங்கன வரமாட்டான். நீதான் அங்கன போணும். போயி வாதாடாத. மூச்சு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வா."

அதன்படி தாவணி கூடும் நாளெல்லாம் நான் சைக்கிளில் போய் நின்றேன். அங்கேதான் அண்ணாச்சியின் தொழிலைச் சரியாகப் பார்த்தேன். மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் தரகர் மாறி மாறித் தன் துண்டுக்கு அடியில் பிடிப்பார். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படிந்தால் தரகர் கையை முழுசாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் "முடிஞ்சிட்டு!" என்று கூவுவார்கள். அவ்வளவுதான், மாடு கைமாறிவிடும்.

எனக்கு ஒரே சந்தோஷம். "அண்ணாச்சி, ஒம்ம தொழிலுக்குக் குரலே வேண்டாம்லா!" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டுதானா நீரு பாத்தது?" என்று காற்றாகச் சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். வாதாடாதே என்று சொல்லித்தான் பெரிய டாக்டர் அனுப்பியிருந்தார். மூச்சை மட்டும் கேட்டேன். வாரத்துக்கு வாரம் அதில் விசில் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் உச்சி வெயில். கோமதியம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜோடிக் காளை புதுசாக வந்து இறங்க, புழுதி கிளம்பியது. அண்ணாச்சி இருமினார். இருமல் நிற்கவில்லை. பிறகு சட்டென்று நின்றது. அதுதான் பயங்கரம். மார்பெலும்புக்கு மேலே உள்ள குழி உள்ளே இழுக்கிறது, விலா இழுக்கிறது, காற்று மட்டும் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் செம்பில் தண்ணீரை அவர் வாயில் ஊற்றப் போனான். "ஏலே, ஊத்தாத! கொன்னுருவ!" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன். உதடு நீலமாகிவிட்டது. பையைத் திறந்தேன், கத்தி இருந்தது, குழாய் இருந்தது. வாக்கும் இருந்தது.

"செய்யும் டாக்டரே! நான் சொல்லுதேன், செய்யும்!" என்று கோமதியம்மாள் கத்தினாள்.

அவள் சொன்னால் போதும் என்று நீங்கள் சொல்வீர்கள். மூச்சு முட்டுகிறவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்பவன் டாக்டரே இல்லை என்றும் சொல்வீர்கள். சரிதான். அவர் நினைவு தப்பியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் கண் திறந்திருந்தது, அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து, "அண்ணாச்சி, சரியா? அறுக்கட்டுமா?" என்றேன்.

சரி என்று எதை வைத்துச் சொல்வார்? தலையாட்டவும் முடியவில்லை. காற்றுக்காகத் தலை பின்னால் வளைந்துவிட்டது. கை தரையில் துழாவியது. கீழே விழுந்து கிடந்த சிவப்புத் துண்டை எடுத்தது. என் கைமேல் போட்டது. துண்டுக்கு அடியில் என் கையை முழுசாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"முடிஞ்சிட்டு!" என்றார்கள் கூட்டத்தில், பழக்க தோஷத்தில்.

அறுத்த விதத்தை இங்கே சொல்லப் போவதில்லை. உங்களுக்கு அது மனப்பாடம். மாடு பிடிக்கிற ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். புஸ் என்று காற்று வந்தது, கூடவே ரத்தமும் சளியும் என் சட்டையெல்லாம். குழாயைச் செருகிக் கட்டினேன். அண்ணாச்சி நாலைந்து மூச்சு நன்றாக இழுத்தார். உடனே கண்ணை மூடித் தலையைச் சாய்த்துவிட்டார்.

கோமதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "எய்யா, போயிட்டியளே!" என்று ஒப்பாரி வைத்தாள். கூட்டம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"ஏம்மா, தூங்குதாரும்மா! மூச்சு விடதப் பாரும்! எத்தனை நாளா தூங்காத மனுசன், தூங்க விடும்!" என்று நான் கத்தினேன். அவள் அவர் மூக்குக்கிட்டே கை வைத்துப் பார்த்தாள். மூக்கில் காற்றில்லை. அவள் கையை எடுத்துக் குழாய் வாயில் வைத்தேன். அதன் பிறகுதான் அடங்கினாள். நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் நான் பெருமையாகச் சொன்னேன், "சம்மதம் வாங்கியாச்சு. மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுடலாம்."

பெரிய டாக்டர் சுருக்கென்று நிமிர்ந்தார். "எதுக்கு வாங்குன? அவன் சொன்னது மூச்சுக்கு. குரலுக்கு இன்னும் சொல்லல. போயி மறுபடி கேளு. இந்தத் தடவ அவனப் பேச விடு."

இளையவர்களே, எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பாடங்களில் இது முதலாவது. ஒன்றுக்குச் சொன்ன சரியை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மிஞ்சியிருந்த சின்ன வழியில் இரண்டு மூன்று சொல் வரும். பிறகு விரலை எடுத்து மூச்சு வாங்க வேண்டும். அப்படித் துண்டு துண்டாகத்தான் சொன்னார்.

"வெல வெரல்ல முடியும். சரி. ரகசியமா முடியும். அதனாலதான்... நாளைக்கு ஒருத்தன் இல்லன்னு சாதிச்சா... தரகன் நடுவுல நின்னு இன்ன வெலதான்னு... எல்லாருக்கும் கேக்கச் சொல்லணும். அதுக்குத்தான் தரகன். மாட்டப் புடிச்சுக் குடுக்க எவனாலயும் முடியும். வாயில்லாதவன் சாட்சிய... எவன் எடுப்பான்?"

அவருக்குத் தொழில் போவது பயமில்லை. தன் சொல்லுக்கு மதிப்புப் போவதுதான் பயம். பின்னால் வந்து நின்ற பெரிய டாக்டர்தான் பதில் சொன்னார்.

"எடுப்பானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாததச் சொல்ல மாட்டேன். ஆனா செத்தவன் சாட்சிய எவனும் எடுக்க மாட்டான். அது தெரியும்."

அண்ணாச்சி குழாயை விரலால் அடைத்து, "சரி. எழுதிப் போடும்" என்றார். நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்று அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

தெற்கே அவருக்கு அறுவை நடந்தது. மூக்கு வழிக் குழாயில் கஞ்சி, காய்ச்சல், தையல் விட்டுப்போய் ஆறாத புண் என்று எல்லாவற்றையும் தாண்டி ஊர் திரும்பினார். கழுத்துத் துவாரத்துக்கு முன்னால் ஈரத் துணி தொங்கவிட்டிருந்தார். புழுதி போகாமல் இருக்க வேண்டுமே. மூக்கில் காற்றுப் போகாததால் வாசனை தெரியவில்லை. சூடான காப்பியை ஊத முடியவில்லை. அருவியில் தலை கொடுக்கவே கூடாது, தண்ணீர் நேராக நெஞ்சுக்குள் இறங்கிவிடும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஜனம் போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் செம்புத் தண்ணீரில் குளிப்பார். இதெல்லாம் சின்ன விஷயமென்று நினைத்துவிடாதீர்கள். அறுவைக்கு முன்னாலேயே இவற்றையும் சொல்லிவிடுங்கள்.

கோமதியம்மாள் மாற்றுத் துணி வாங்க வரும்போது சொல்வாள், "முன்னெல்லாம் கத்துவாரு, நானும் கத்துவேன். இப்பம் கோவம் வந்தா மொகத்தத் திருப்பிக்கிடுதாரு. நான் மட்டும் தனியா எப்படிச் சண்ட போட?"

தாவணிக்கு அவர் மறுபடி போனார். ஆட்கள் வந்து துண்டுக்குள் கை கொடுத்தார்கள். ஆனால் பெரிய பேரங்கள் வேறு தரகர்களிடம் போயின. காரணம் அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் தகராறு வந்தது. அண்ணாச்சி முடித்துவைத்த ஒரு காளைக்கு, விற்றவன் பிறகு வந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேசிய விலை இன்னும் அதிகம் என்று நின்றான். வாங்கியவன் மலையாளத்து ஆள். "இதல்ல பறஞ்ஞது" என்று, பேசிய விலை இதில்லை என்று, தலையில் அடித்துக்கொண்டான். கூட்டம் சேர்ந்தது. பழக்கம் விடுமா? எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் நினைவு வந்து, ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி நடுவில் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து, சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற கோமதியம்மாள் கையில் கொடுத்தார். எந்தத் தரகனும் செய்யாததைச் செய்தார். வெறும் கையைத் தலைக்கு மேலே தூக்கி, விலையை விரல் விரலாக, மூலைக்கு மூலை திரும்பி, எல்லோரும் பார்க்கக் காட்டினார்.

விற்றவன் கயிற்றை மலையாளத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நடந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "என்னவே, அம்புட்டு வீம்பா நின்னேரு, ஒத்துக்கிட்டேரே?" என்று கேட்டேன்.

"அவரு வாயால சொல்லியிருந்தா, எங் காதுல அப்படி விழலன்னு சாதிச்சிருப்பேன் டாக்டரே" என்றான். "இத்தன பேரு கண்ணால பாத்த வெரல நான் எப்படி இல்லன்னு சாதிக்க?"